'அருமை' என்னும் அன்பின் அடைமொழி

தமிழில் ஒருவர் தம் மகனை 'அருமை மகன்' என்கிறார். நெருங்கிய நண்பரை 'ஆருயிர் நண்பர்' என்கிறார். நெடுநாள் பிள்ளையின்றி ஏங்கிய வீட்டில் பிறந்த குழந்தையை 'அருமந்த பிள்ளை' என்று முதியோர் கொஞ்சுகின்றனர். இம்மூன்று தொடர்களிலும் அன்பைச் சுட்டி நிற்கும் அடைமொழி 'அரு' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்ததாகும். அதே வேர், 'அருஞ்சுரம்' என்னுமிடத்துக் கடத்தற்குக் கடினமான பாலை வழியையும், 'அருஞ்சொற்பொருள்' என்னுமிடத்து எளிதில் விளங்காத சொல்லையும், 'அருங்கேடன்' என்னுமிடத்துக் கேடே இல்லாதவனையும் குறிக்கிறது. கடினம், இன்மை, அன்பு என்னும் மூன்று பொருள்கள் ஒரு வேருக்குள் எவ்வாறு இணைந்தன என்பதை ஆராய்வதும், அதன் வழியே அச்சொல்லை இன்று எவ்வாறு ஆள்வது தகும் என்பதைத் தெளிவதும் இவ்வுரையின் நோக்கம்.

சொல்லின் வடிவங்கள்

பெயருக்கு முன் நின்று அதன் இயல்பை விளக்கும் சொல்லை இக்கால இலக்கணத்தார் பெயரடை என்பர். தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்ததேயன்றிப் பெயரடையைத் தனி வகையாக வைக்கவில்லை. எனவே பெயரை விளக்கும் பணி தமிழில் பல இலக்கண வடிவங்களிடையே பகிர்ந்து கிடக்கிறது. 'அருமை' என்பது பண்புப்பெயர். 'அரிது' என்பது காலத்தை வெளிப்படையாகக் காட்டாது பண்பின் அடியாகப் பிறந்த குறிப்பு வினைமுற்று. 'அரிய' என்பது அவ்வினையின் எச்ச வடிவாகிய குறிப்புப் பெயரெச்சம். 'அருமையான' என்பது பண்புப்பெயரோடு 'ஆன' என்னும் எச்சம் சேர்ந்த பிற்கால வடிவம்.

பண்புப்பெயர் வேறொரு சொல்லோடு புணரும்போது அடையும் மாற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் முறைப்படுத்தினார். அவ்விதிப்படி 'அருமை' என்பதன் 'மை' ஈறு கெட்டு 'அரு' நிற்க, வருமொழி வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து மிக்கு அரும்பொருள், அருங்கலம், அருஞ்செயல், அருந்தமிழ் என்பன தோன்றுகின்றன. வருமொழி உயிரெழுத்தில் தொடங்கினால் முதலெழுத்து நீண்டு 'ஆர்' ஆகி, ஆருயிர், ஆரிருள், ஆரெயில் என்றாகின்றன. இடையிலுள்ள உகரம் இகரமாகத் திரிந்தால் அரியன், அரியள் என்னும் வடிவங்கள் கிடைக்கின்றன. 'அருமந்த' என்பதோ 'அருமருந்து அன்ன', அதாவது கிடைத்தற்கு அரிய மருந்தைப் போன்ற, என்னும் தொடர் நாவழக்கில் மருவியதாகும்; பழைய உரைகளில் மரூஉ மொழிக்கு எடுத்துக்காட்டாக இது இடம் பெறுகிறது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நன்று. 'ஆர்' என்னும் ஒலி வரும் இடமெல்லாம் 'அருமை' என்று கொள்ளலாகாது. குடந்தைப் பெருமானை நம்மாழ்வார் அழைத்த 'ஆராவமுது' என்னும் பெயரில் உள்ளது, நிறைதல், வயிறார உண்ணுதல் என்னும் பொருளையுடைய 'ஆர்தல்' என்னும் வினையின் எதிர்மறையாகும். எவ்வளவு பருகினாலும் போதும் என்னும் நிறைவு வாராத அமுது என்பது அதன் பொருள். அவ்வாறே உருவமின்மையைக் குறிக்கும் 'அருவம்' வடசொல்லின் வழி வந்தது. ஒலி ஒத்திருப்பினும் இவை வேறு குடியைச் சேர்ந்தவை.

இன்மையும் அருமையும்

வேரின் பொருளை அறிவதற்குத் திருக்குறளின் தீவினையச்சம் என்னும் அதிகாரம் பெரிதும் உதவுகிறது. நெறி தவறிப் பிறர்க்குத் தீவினை செய்யாதவனை 'அருங்கேடன்' என்று வள்ளுவர் அங்கே குறிக்கிறார். இச்சொல்லைப் 'பெருங்கேடன்' என்பதோடு ஒத்த அமைப்பாகக் கண்டு, கொடிய கேட்டை உடையவன் என்று பொருள் கொள்ள இடமுண்டு. குறளின் கருத்தோ அதற்கு நேர்மாறானது. எனவே பரிமேலழகர், இவ்விடத்து அருமை என்பது இன்மையைக் குறித்தது என்று விளக்கி, கேடு இல்லாதவன் என்று பொருள் கண்டார். அந்தச் சிறு குறிப்பு, இச்சொல்லின் அடித்தளத்தையே திறந்து காட்டுகிறது. மிகச் சிறிதளவே உள்ளது, இல்லை என்னும் நிலைக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே அருமைக்கும் இன்மைக்கும் இடையே உள்ள எல்லை மிக மெல்லியது.

'அருகுதல்' என்னும் வினையும் இப்பொருளுக்கு அரண் செய்கிறது. அருகுதல் என்பது படிப்படியாகக் குறைந்து போதல். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டை 'அருகி வரும் உயிரினம்' என்று இன்றைய செய்தித்தாள்களும் பாடநூல்களும் குறிப்பிடும்போது, அது இன்னும் இருக்கிறது என்பதையும் இல்லாமற்போகக்கூடும் என்பதையும் ஒரே சொல் உணர்த்தி விடுகிறது.

உடன்பிறந்த மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. தெலுங்கில் 'அருது' என்பது எளிதில் காணக் கிடைக்காததைக் குறிக்கிறது. பழங்கன்னடத்தில் 'அரிது' என்பது தமிழில் உள்ளவாறே கடினத்தையும் அருமையையும் சுட்டுகிறது. மலையாளத்திலோ, செய்யாதே என்று விலக்குவதற்குரிய 'அருது' என்னும் சொல் ஒருபுறமும், கொஞ்சி வளர்க்கப்படும் குழந்தையையும் வீட்டில் செல்லமாக வளர்க்கும் உயிர்களையும் குறிக்கும் 'அரும' என்னும் சொல் மறுபுறமும் வழங்குகின்றன. கூடாது என்னும் மறுப்பும் கொஞ்சல் என்னும் அன்பும் ஒரு மொழியில் இத்தனை நெருக்கமான ஒலியில் வாழ்கின்றன என்றால், இன்மையிலிருந்து அன்புக்குச் செல்லும் வழி தமிழுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று என்பது புலனாகிறது.

பொருள் வளர்ந்த படிகளைப் பின்வருமாறு அமைத்துக் காணலாம். முதலில் இன்மை அல்லது இன்மைக்கு அண்மை. அதிலிருந்து, எளிதில் கிட்டாமை. கிட்டாமையிலிருந்து, அடைவதற்கு வேண்டிய முயற்சியின் கடுமை. முயற்சியின் கடுமையிலிருந்து, பெற்ற பொருளின் மதிப்பு. மதிப்பிலிருந்து, அப்பொருளின் மேல் வைக்கும் அன்பு. இறுதியாக, அன்பும் வியப்பும் கலந்த பொதுவான பாராட்டு. இப்படிகளில் ஒன்று தோன்றியதும் முந்தியது மறைந்து விடவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டுத் தமிழிலும் எல்லாப் படிகளும் ஒருங்கே உயிரோடு இருக்கின்றன என்பதே இச்சொல்லின் தனிச்சிறப்பு.

அடைதற்கு அரியது

சங்க இலக்கியத்தில் இந்த அடைமொழி பெரும்பாலும் தடையின் மொழியாகவே வருகிறது. தலைவன் கடந்து செல்லும் வெம்மை மிக்க வழி அருஞ்சுரம்; பகைவரால் கைப்பற்ற இயலாத கோட்டை ஆரெயில்; வெல்லுதற்குக் கடினமான போர் அருஞ்சமம்; தலைவியை வீட்டைக் கடக்கவிடாத கட்டுக்காவல் அருங்கடி. இவற்றுள் எதுவும் அன்புக்குரிய பொருள் அன்று. ஆயினும், தடைக்கு அப்பால் இருப்பது அன்புக்குரியதாக இருக்கும்போது, தடையைச் சுட்டிய சொல் மெல்ல அப்பொருளையே சுட்டத் தொடங்குகிறது.

இந்த மாற்றம் நிகழும் இடத்தைக் குறுந்தொகையின் 120 ஆம் பாட்டில் காணலாம். பரணர் பாடிய அக்குறிஞ்சிப் பாட்டில், இரவில் தலைவியைக் காண வந்து, காண இயலாமல் திரும்பும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். பொருளில்லாதவன் இன்பத்தை விரும்பியது போல நெஞ்சு அரியதை விரும்பிவிட்டது என்றும், காதலி நல்லவள் என்று அறிந்த நெஞ்சு அவள் 'அரியள்' என்பதை அறியவில்லை என்றும் அவன் வருந்துகிறான். 'நல்லள்' என்பது அவளுடைய இயல்பைப் பற்றியது. 'அரியள்' என்பது அவளுக்கும் அவனுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியது. நல்லள் என்னும் அறிவு அன்பைத் தொடங்கி வைக்க, அரியள் என்னும் அறிவு அதனை ஆழப்படுத்துகிறது. அன்பின் அடைமொழிகளை ஆராய்வோர்க்கு இவ்விரு சொற்களின் வேறுபாடு திறவுகோல் போன்றது.

புறநானூற்றின் 91 ஆம் பாட்டு இதே சொல்லை வேறொரு திசையிலிருந்து விளக்குகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தந்த நெல்லிக்கனியை ஔவையார் போற்றிப் பாடிய அப்பாட்டில், அக்கனி விளைந்த மலையின் உச்சி 'அருமிசை' எனப்படுகிறது. ஏறுவதற்குக் கடினமான உச்சி என்பது பொருள். கனிக்குச் சொல்லப்படும் அடை அதன் இனிமை ஒன்றே. அருமை மலைக்கு உரியதாக நிற்கிறது. அத்தகைய இடத்திலிருந்து கொண்ட கனியின் பயனைத் தன் உள்ளத்துள் மறைத்துக்கொண்டு, ஔவையார் சாவினின்று நீங்கி வாழுமாறு அதியமான் அதனை அவருக்கு அளித்தான். பறிப்பதற்கு அரிய கனி, பெற்றவனே உண்ணாமல் பிறருக்கு ஈந்ததால், அரிய அன்பின் அடையாளமாகிவிட்டது. மலைக்கு உரிய அருமை கனிக்கும், கனிக்கு உரிய அருமை கொடைக்கும், கொடைக்கு உரிய அருமை கொடுத்தவனுக்கும் இவ்வாறு கைமாறுகிறது.

வள்ளுவர் இக்கைமாற்றத்தை அறமாகவே வகுத்துரைத்தார். செய்வதற்கு அரியவற்றைச் செய்வோரே பெரியோர் என்று நீத்தார் பெருமையில் கூறியவர், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், அரிய பேறுகள் எல்லாவற்றுள்ளும் அரியது பெரியோரைப் பேணித் தமக்கு உறவினராக்கிக் கொள்வது என்கிறார். தமர் என்னும் உறவுச் சொல் அருமையோடு அங்கே இணைவது எண்ணத்தக்கது. பொன்னும் மணியும் அரியனவே. உறவாகிவிட்ட சான்றோர் அவற்றினும் அரியர். 'அருமை அண்ணன்', 'அருமை ஆசான்' என்று உறவுப் பெயர்க்கு முன் இவ்வடையை வைக்கும் இன்றைய வழக்குக்கு இக்குறளின் கருத்தே பொருத்தமான விளக்கமாக அமைகிறது.

சொல் முந்தி, பொருள் பிந்தி

சிலப்பதிகாரத்தில் இவ்வடைமொழியின் வரலாறு ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறாகவே விரிகிறது. மனையறம்படுத்த காதையில், மணம் முடித்த இளமையின் மகிழ்ச்சியில், கோவலன் கண்ணகியைப் பலபடப் பாராட்டுகிறான். அப்பாராட்டின் நடுவே, பெறுவதற்கு அரிய என்னும் பொருள்படும் 'அரும்பெறல்' என்னும் அடையும் 'ஆருயிர்' என்னும் சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. பொன், முத்து, நறுமணப் பொருள், கரும்பு, தேன் என்று அவன் அடுக்கும் உவமைகள் ஒரு வணிகன் மகனின் கண்ணுக்கு விலையுயர்ந்தனவாகவும் நுகர்ச்சிக்கு இனியனவாகவும் தோன்றும் பொருள்கள். பெறுவதற்கு அரியவள் என்று சொல்லும் அவனுக்கு அவள் எந்த முயற்சியுமின்றிக் கிடைத்தவள். எனவே சொல் அங்கே அழகாக இருக்கிறதேயன்றி அதன் பொருள் இன்னும் அவனுக்கு வாய்க்கவில்லை. பின்னர் அவன் மாதவியிடம் சென்றதும், கைப்பொருள் இழந்து மீண்டதும், கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு இருவரும் மதுரைக்கு நடந்ததும் கதை.

கொலைக்களக் காதையில், ஆயர் சேரியில் கண்ணகி சமைத்துப் படைத்த உணவை உண்ட பிறகு, கோவலன் தன் பிழைகளை எண்ணி இரங்கி, பெற்றோரையும் தோழியரையும் விட்டுத் தன்னோடு வந்த அவளை மறுபடியும் பாராட்டுகிறான். இந்த இரண்டாம் பாராட்டில் முன்னிருந்த நுகர்பொருள்களின் அடுக்கு குறைந்து, நாணும் கற்பும் ஆகிய அவளுடைய பண்புகள் மேலெழுகின்றன. முதற் பாராட்டில் 'அரும்பெறல்' என்று சொன்னவன் அதன் பொருளை இங்கேதான் உணர்கிறான். உணர்ந்தபின் அவன் சிலம்பு விற்கச் சென்று திரும்பவில்லை. இளங்கோவடிகள் இவ்விரு பாராட்டுகளுக்கும் இடையே வைத்த நெடுந்தொலைவு, அருமை என்பது சொல்லிவிடுவதால் கைவருவதன்று, இழப்பின் வழியாகக் கற்கப்படுவது என்பதைக் காட்டுகிறது.

மக்கள் வழக்கிலுள்ள பழமொழிகளும் இதனையே பேசுகின்றன. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதும், உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும், அப்பனின் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும் என்பதும் தமிழர் அனைவரும் அறிந்தவை. இப்பழமொழிகள் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கருத வேண்டும். நிழலும் உப்பும் தந்தையும் அன்றாடம் உடனிருப்பவை. அவற்றுள் எதுவும் உலகில் அரிதாகக் காணப்படுவதன்று. எனவே பழமொழி பேசும் அருமை, எண்ணிக்கையில் குறைவாக இருத்தல் ஆகாது. ஒரு பொருள் இல்லாமற்போனால் அதன் இடத்தை வேறொன்று நிரப்பாது என்னும் அறிவே இங்கே அருமை எனப்படுகிறது. உலகில் தந்தையர் பலர். ஒருவனுக்குத் தந்தை ஒருவரே. எண்ணிக்கையின் அருமையிலிருந்து உறவின் அருமைக்குச் சொல் ஏறிய படி இதுவேயாகும்.

அரியனும் எளியனும்

அருமையின் எதிர்ச்சொல் எளிமை. அன்புக்குரிய பண்பு அருமை என்றால், எளிமை அன்புக்குத் தடையாதல் வேண்டுமே என்னும் ஐயம் எழலாம். அரசனைப் பற்றிய இரண்டு குறள்கள் இதற்கு விடையளிக்கின்றன. இறைமாட்சியில், காண்பதற்கு எளியனாகவும் கடுஞ்சொல் இல்லாதவனாகவும் இருக்கும் அரசனை உலகம் போற்றும் என்கிறார் வள்ளுவர். வெருவந்தசெய்யாமை என்னும் அதிகாரத்தில், காண்பதற்கு அரியனாகவும் இனிமையற்ற முகத்தை உடையவனாகவும் இருப்பவனின் செல்வம் பேய் கண்டு காத்தாற்போன்றது என்கிறார். எனவே எட்டாமல் இருத்தல் மட்டுமே ஒருவரை அன்புக்குரியவர் ஆக்கிவிடாது. எட்டாத உயரத்தில் இருக்கத் தக்கவர் எட்டும் தொலைவில் வந்து நிற்கும்போதே அருமை அன்பாகக் கனிகிறது.

பக்தி இலக்கியம் இந்த உண்மையை இறைவனிடத்து ஏற்றிப் பாடியது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருமொழி, இறைவன் அடியார்க்கு எளியவன், பிறர்க்கு அரியவன் என்னும் எதிர்நிலையோடு தொடங்கி, வெண்ணெய் களவில் அகப்பட்டு உரலோடு கட்டுண்டு நின்ற எளிமையைக் கண்டு வியக்கிறது. அந்த வியப்பு மேலிட்டு ஆழ்வார் ஆறு திங்கள் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ உரை மரபு கூறும் செய்தி. உரையாசிரியர்கள் இறைவனின் உயர்வைப் பரத்துவம் என்றும், அவ்வுயர்வு இறங்கி வந்து கைக்கெட்டுவதைச் சௌலப்பியம் என்றும் பெயரிட்டு விளக்குவர். அருமை பரத்துவத்தின் சொல், எளிமை சௌலப்பியத்தின் சொல். ஒன்றில்லாமல் மற்றொன்று பக்தியை விளைப்பதில்லை. சைவத்திலும், தில்லைக் கூத்தனைப் பாடும் திருநாவுக்கரசரின் திருத்தாண்டகம் 'அரியானை' என்னும் சொல்லோடு தொடங்கினும், அந்த அரியவன் அந்தணரின் சிந்தையில் குடியிருப்பவன் என்று உடனே உறவு காட்டிவிடுகிறது.

கம்பர் இதனை மனிதருக்கிடையே நிகழ்த்திக் காட்டுகிறார். அயோத்தியா காண்டத்தின் குகப்படலத்தில், கங்கைக் கரை வேடர் தலைவனாகிய குகன் தேனும் மீனும் கொண்டு இராமனைக் காண வருகிறான். சூழ இருந்த முனிவர்களை நோக்கி முறுவலோடு பேசும் இராமன், அப்பொருள்களை 'அரிய' என்கிறான். உள்ளத்து அன்போடு கொண்டு வரப்பட்டதால் அவை அமுதினும் சிறந்தன என்றும், தான் அவற்றை உண்டதற்கு ஒப்பாகும் என்றும் சொல்கிறான். ஆற்றங்கரையில் வாழும் வேடனுக்கு மீனும் காட்டில் திரிபவனுக்குத் தேனும் எளிதிற் கிடைப்பவையே. அவற்றை அரியவை ஆக்கியது கொணர்ந்தவனின் காதல். இதுவரை, அரியதாக இருப்பது அன்புக்குரியதாகிறது என்பதே சொல்லின் போக்காக இருந்தது. கம்பரின் இவ்விடத்திலோ, அன்புக்குரியதாக இருப்பதே அரியதாகிறது என்று போக்கு திரும்பிவிடுகிறது. அன்பின் அடைமொழியாக 'அருமை' முழு வளர்ச்சி பெற்ற இடம் என்று இதனைச் சொல்லலாம்.

புலவர் ஏட்டில் இவ்வாறு வளர்ந்த சொல் பொதுமக்களிடமும் சென்றது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று, 1967 இல் வெளிவந்த 'கந்தன் கருணை' திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடியதன் மூலம் பட்டிதொட்டியெங்கும் பரவியது. மானிடப் பிறவியின் அருமையில் தொடங்கி, கல்வியின் அருமை, ஈகையின் அருமை என்று ஏணிப்படியாக ஏறும் அப்பாடல், 'அரிது' என்னும் பழைய சொல்லின் கனத்தை எழுத்தறியாத மக்களின் செவிக்கும் கொண்டு சேர்த்தது.

இன்றைய வழக்கு

இக்காலத் தமிழில் இவ்வேரின் வடிவங்கள் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. 'அரிய' என்பது எண்ணிக்கைக் குறைவையும் கிடைத்தற்கு அருமையையும் சுட்டும் வடிவமாக நிலைத்துவிட்டது. அரிய சுவடி, அரிய வாய்ப்பு, அரிய நோய் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். 'அரிய மகன்' என்று எவரும் சொல்வதில்லை. அங்கே அன்பைத் தருவது 'அருமை' என்னும் பண்புப்பெயரே நேராக அடையாக நிற்கும் வடிவம். அருமை மகள், அருமைத் தம்பி, அருமை நண்பர் என உறவுப் பெயருக்கு முன்னரே அது இயல்பாக அமைகிறது. 'அருமையான' என்பது மதிப்பீட்டுச் சொல்லாகி, அருமையான பாட்டு, அருமையான மனிதர் என்று எல்லாப் பெயர்களோடும் சேர்கிறது. 'ஆர்' வடிவம் ஆருயிர் என்னும் சொல்லில் உறைந்து, உயிருக்கு நிகரான நட்பையும் காதலையும் குறிக்கிறது. ஒருமுறை போனால் மீளாத உயிருக்கு இவ்வடை பொருத்தமானதே. தொகைச்சொற்களில் பழைய கடினப் பொருள் அழியாமல் இருக்கிறது; அரும்பாடு, அரும்பணி என்பன உழைப்பின் கடுமையையும், சிலப்பதிகாரத்தின் கடினச் சொற்களுக்கு எழுந்த அரும்பதவுரை விளக்கத்தின் தேவையையும், அருங்காட்சியகம் என்னும் இக்காலச் சொல்லாக்கம் எளிதில் காணக் கிடைக்காதவற்றின் தொகுப்பையும் சுட்டுகின்றன.

இலங்கைத் தமிழரின் பேச்சில் பழைய பொருள் இன்னும் நெருக்கமாக வாழ்கிறது. ஒருவர் எப்போதாவது ஒருமுறை வருவார் என்பதை 'அருமையாக வருவார்' என்று அங்கே சொல்வது இயல்பு. தமிழ்நாட்டிலோ அதே தொடரைக் கேட்பவர் சிறப்பாக வருவார் என்று கொள்ள இடமுண்டு. உணவை உண்டதும் 'அருமை' என்பதும், பாடலைக் கேட்டதும் 'அருமை' என்பதும், கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்ததும் 'அருமை' என்று எழுதுவதும் தமிழ்நாட்டில் அன்றாட வழக்காகிவிட்டன. சொற்கள் பரவலாகப் புழங்கும்போது பொருள் விரிவதும், விரிந்த பொருள் மெலிவதும் எல்லா மொழிகளுக்கும் இயல்பே. ஆயினும், எளிதிற் கிட்டாததைக் குறிக்கப் பிறந்த சொல் எல்லாவற்றுக்கும் எளிதிற் கிட்டும் சொல்லாகிவிடும்போது, மொழி தன் கையிலிருந்த நுட்பமான கருவியொன்றை மழுங்க விடுகிறது.

அந்நுட்பத்தைப் பிற அன்பு அடைமொழிகளோடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம். 'அன்பு நண்பர்' என்னும்போது சொல்பவரின் உள்ளத்திலுள்ள உணர்வு முன் நிற்கிறது. 'இனிய நண்பர்' என்னும்போது அவரோடு பழகுவதால் விளையும் மகிழ்ச்சி முன் நிற்கிறது. 'செல்ல மகள்' என்னும்போது அவள் விரும்பியதைச் செய்ய இடங்கொடுக்கும் நெகிழ்வு முன் நிற்கிறது. 'அருமை மகள்', 'அருமை நண்பர்' என்னும்போது மட்டுமே, அவருடைய இடத்தை வேறெவராலும் நிரப்ப இயலாது என்னும் உண்மை முன் நிற்கிறது. செல்லம் வளர்ந்தபின் குறையலாம். இனிமை ஒரு பிணக்கால் கெடலாம். ஈடின்மை அவ்வாறு மாறுவதில்லை. பிணங்கிய மகனும் பெற்றோர்க்கு அருமை மகனே.

ஆளும் நெறி

இவ்வாராய்ச்சியிலிருந்து ஆசிரியரும் எழுத்தாளரும் அகராதி தொகுப்போரும் கொள்ளத்தக்க சில முடிவுகள் கிடைக்கின்றன. அகராதியில் கடினம், இன்மை, மேன்மை, அன்பு என்னும் பொருள்களைத் தொடர்பற்ற வரிசையாக அடுக்குவதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்த முறையைக் காட்டி எழுதுவது கற்போர்க்குப் பெரும் பயன் தரும். வகுப்பறையில் அருங்கேடன், அருஞ்சுரம், அரும்பெறல், ஆருயிர் என்பவற்றைத் தனித்தனிச் சொற்பொருளாக மனப்பாடம் செய்விக்காமல், ஒரு வேரின் கிளைகளாகக் கற்பித்தால், மாணவர் புணர்ச்சி விதியையும் பொருள் வளர்ச்சியையும் ஒருங்கே அறிவர்.

எழுதுவோர் இவ்வடையை ஆளுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றே: அடை பெறும் பொருள் இல்லாமற்போனால் அந்த இடம் வெறுமையாகுமா என்பது. ஆகும் என்றால் 'அருமை' அங்கே முழுப் பொருளோடு நிற்கும். உணவின் சுவைக்குச் சுவையான என்றும், பாடலின் நயத்துக்கு நயமான என்றும், ஓவியத்தின் அழகுக்கு அழகிய என்றும் உரிய அடைகள் தமிழில் நிரம்ப உள்ளன. அவற்றை அவற்றுக்குரிய இடங்களில் ஆண்டால், 'அருமை' தனக்குரிய இடத்துக்கென்று வலிமை குன்றாமல் இருக்கும். மேடையில் 'அருமைப் பெரியோர்களே' என்று விளிப்பவரும், மடலில் 'அருமை நண்பருக்கு' என்று தொடங்குபவரும், தாம் விளிப்பவரின் ஈடின்மையைத் தாம் உண்மையாகவே எண்ணுகின்றனர் என்றால், அவ்விளிப்பு வெறும் சடங்கு ஆகாது.

சுருங்கச் சொன்னால், தமிழ் தன் அன்பின் அடைமொழியை இனிமையிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இல்லாமற்போகக்கூடும் என்னும் அறிவிலிருந்தும் எடுத்துக்கொண்டது. ஒருவரை அருமை என்று அழைப்பது அவர் இருக்கும்போதே அவர் இல்லாமற்போனால் நேரும் இழப்பை உணர்ந்து அழைப்பதாகும். கோவலன் பிந்தி உணர்ந்ததை முந்தி உணரச் செய்வதே இச்சொல்லின் பணி. அப்பணியை அது தொடர்ந்து செய்ய வேண்டுமானால், அதனைச் சொல்வோர் அதன் பொருளை அறிந்தே சொல்ல வேண்டும்.